மெழுகு நூலும் கடல்நீர்த் தொட்டியும்

வெள்ளவத்தையில் இருப்புப்பாதைக்கு இப்பால், கடலிரைச்சல் ஓயாது கேட்கும் நீண்ட மனை ஒன்றில், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு முதல் ஐந்தாண்டுக் காலம் ஒரு கால் நீராட்டுச் சாலை நடந்தது. அதன் பின்கட்டிலிருந்த சிற்றறையில் சீனியம்மா என்பவள் வாழ்ந்தாள். அவளைக் குறித்து எழுதப் பெருஞ்செயல் எதுவும் இல்லை. நீர் இறைத்தாள், பிறர் கால்களைத் துணியால் கட்டினாள், நூலால் அளந்தாள். ஒருமுறை அவ்வேலையையும் அவ்வறையையும் இழக்கும் நிலைக்கு வந்தாள். அவ்வளவே.

சாலையை நடத்தியவர் ஜெபரத்தினம் என்னும் யாழ்ப்பாணத்தார். அரசாங்க வைத்தியசாலைகளில் முப்பது ஆண்டு அப்போதிக்கரி என்னும் உதவி வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றே உழைப்போர்க்கும் பல பிள்ளை பெற்ற பெண்டிர்க்கும் வரும் நோய் ஒன்றை அவர் தம் உத்தியோக காலம் முழுவதும் கண்டிருந்தார். காலுக்கு இறங்கிய குருதி மேலேற மாட்டாது தேங்கும். நரம்பு கயிறுபோல் புடைத்துச் சுருளும். கணைக்கால் வீங்கித் தோல் கறுத்து, கடைசியில் கணுவின் உட்புறத்தே ஆறாப்புண் ஒன்று வாய் திறக்கும். ஊரார் அதை நரம்புச் சுருட்டு என்றனர். ஐரோப்பாவில் இந்நோயாளரை ஊற்று நீரில் இறக்கி நடக்கவிட்டுக் குணம் காண்கிறார்கள் என்று எங்கோ படித்த அப்போதிக்கரி, ஊற்றில்லாத இடத்தில் கடல் போதும் என்று துணிந்தார்.

முப்பதடி நீளமும் இடுப்பளவு ஆழமும் உடையது அவர் கட்டுவித்த சீமெந்துத் தொட்டி. இருப்புப்பாதையின் அடியாகச் சென்ற குழாய் வழியே, கடல் ஏறி நிற்கும் வேளை பார்த்துக் கைப்பம்பினால் நீரை ஏற்றி நிரப்பி, மறுநாள் காலைவரை குளிரவிட வேண்டும். வெந்நீர் ஆகாது. வெம்மை நரம்பை விரிக்கும், தண்மை ஒடுக்கும், ஆழ்ந்த நீரின் கனம் நாற்புறமும் நின்று நெருக்கிக் குருதியை மேலே தள்ளும். நோயாளர் தொட்டியின் ஓரமாகக் கட்டிய மூங்கிலைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரம் அந்நீரில் நடப்பர். பின்பு சாய்பலகையில் கால் உயர்ந்திருக்கப் படுத்து இன்னும் அரைமணி. அதன்பின், பாதம் நிலத்தைத் தொடுமுன் துணிக்கட்டு.

இறைவனைப் பாடிய முன்னோர் பாதத்தில் தொடங்கியே முடிக்கு ஏறினர். கட்டுக்கும் அதுவே முறை. விரலடியில் தொடங்க வேண்டும். அங்கே இறுக்கம் மிக வேண்டும். முழங்காலை நெருங்க நெருங்கத் தளர வேண்டும். மாறிக் கட்டினால் குருதி கீழே சிறைப்படும். மறுநாள் நீராட்டு வரை கட்டை அவிழ்க்கலாகாது. இவ்வளவையும் சீனியம்மா ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். அவள் கை பிசகாது. பரிவு காட்டுவதில்லை, அருவருப்பும் காட்டுவதில்லை. ஒரு தூணுக்குத் துணி சுற்றுவதுபோல் சுற்றுவாள்.

அவள் கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றிற் பிறந்தவள். மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடிய ஆண்டில் அவள் கணவனும் ஐந்து வயது மகளும் ஒன்பது நாள் இடைவெளியில் இறந்தனர். முதற் சாவுக்கு அழுதாள். இரண்டாவதற்கு அழுகை வரவில்லை. அது பிறகு வரவே இல்லை. கொழும்புக்கு வந்து கிராண்ட்பாஸில் ஒரு தேயிலைக் கிடங்கில், பெட்டிகளின் உட்புறத்துக்கு ஈயத்தாள் பொருத்தும் வேலையில் இரண்டு ஆண்டு நின்றாள். அந்த வேலைக்கு இருக்கை இல்லை. பம்படிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வெள்ளவத்தைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கையில் ஒரு துணிமூட்டை. திரும்பிப் போக இடம் இல்லை.

முற்பகல் பெண்களுக்கு, பிற்பகல் ஆண்களுக்கு என்பது சாலையின் ஒழுங்கு. பெண்கள் நீராடும்போது அப்போதிக்கரி கனத்த திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பார். காலைப் பார்ப்பவள் சீனியம்மா, கேட்பவர் அவர். வீக்கத்தின் அளவை வாய்ச்சொல்லால் அறிய முடியாதாகையால் அவர் ஒரு வழி கண்டார். சனிக்கிழமைதோறும், கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி ஒரு நூலை வைத்து, இரு நுனியும் கூடும் இடத்தில் அறுத்துத் திரைக்கடியால் நீட்டுவாள். அவர் அதை அடிக்கோலில் வைத்துப் பார்ப்பார். வெறும் பருத்தி நூல் நனைந்தால் நீளும் என்பதால் மெழுகு தோய்த்த தையல் நூலே அளவுக்கு ஆனது. ஒவ்வொருவர் நூலையும் அப்போதிக்கரி பெயரெழுதிக் கொடுத்த தாளோடு கட்டி ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டு வைப்பது சீனியம்மாவின் பொறுப்பு.

ருக்கியா அங்கே வந்தது முப்பத்தெட்டாம் ஆண்டின் மழைக்காலம் கழிந்தபின். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த நிலாம் ஹாஜியாரின் மனைவி. ஏழு பிள்ளைகளின் தாய். கனத்த உடம்பும் ஓயாத வாயும் உடையவள். திரையிட்ட மோட்டார் வண்டியில் நாள்தோறும் வருவாள். இடக்காற் புண் பதினொரு மாதமாக ஆறவில்லை. இந்நீராட்டிலும் ஆறாவிடின் ஆஸ்பத்திரிதான் என்று கணவர் முடிவாகச் சொல்லியிருந்தார்.

முதல்நாள் திரைக்கு அப்பாலிருந்து அப்போதிக்கரி கேட்டார்: "புண் எவ்வளவு பெரிசு?"

"ஒரு ரூவாக் காசு அளவுங்க ஐயா."

"நிறம்?"

"ஓரம் வெளுப்பு, நடுவுல சிவப்பு. நாத்தம் இருக்குங்க."

"நாத்தமெண்டு சொல்லாத புள்ள," என்றாள் ருக்கியா, குரலைத் தாழ்த்தி. "மணமெண்டு சொல்லு. அந்தப் பக்கம் ஆம்பிளை ஈக்கிறாரு."

"கொஞ்சம் மணமும் இருக்குங்க ஐயா," என்றாள் சீனியம்மா. அவள் சிரிக்கவில்லை. ருக்கியா தொட்டி அதிரச் சிரித்தாள்.

நூல் பதினாறே முக்கால் அங்குலம் காட்டியது.

நீரில் நடக்கும்போது ருக்கியா பேசிக்கொண்டே நடப்பாள். "இந்தக் காலு ஈக்கே, எனக்கு வந்த மருமகள் மாதிரி. மத்தவங்களுக்கு முன்னுக்கு நல்லா ஈக்கும். எனக்கு மட்டும் குத்தும்." சிறிது நேரம் கழித்து, "நடந்த நடைக்கு இந்நேரம் மாலைதீவுக்கே போய்ச் சேர்ந்திருப்பன். நீ சிரிக்கவே மாட்டியா?"

"சிரிப்பு வரலீங்க."

"எப்ப வரும்?"

"தெரியலீங்க."

நாலு வாரம் கழிந்தது. ருக்கியாவுக்குப் பின் வந்தவர்களின் நூல்களும் குறுகிவிட்டன. பொரளையிலிருந்து வந்த ஒரு பாடசாலை ஆசிரியையின் புண் மூடியே போயிற்று. ருக்கியாவின் நூல் மட்டும் பதினாறே முக்காலில் நின்றது. ஒரு சனிக்கிழமை பதினேழைத் தொட்டது. அன்று நோயாளர் போனபின் அப்போதிக்கரி சீனியம்மாவை அழைத்தார்.

"எங்கையிருந்து கட்டத் தொடங்கிறனி?"

"விரல் அடியிலயிருந்துங்க."

"தளர்வாய்க் கட்டிறியோ?"

"இல்லீங்க ஐயா."

"பின்னை ஏன் குறையேல்லை? ஹாஜியார் நேற்றும் ஆள் அனுப்பிக் கேட்டவர். நான் என்னத்தைச் சொல்ல?" அவர் கடிந்து பேசவில்லை, களைத்துப் பேசினார். "இன்னும் மூண்டு சனி பாப்பன். நூல் குறையாட்டி, படிச்ச நேர்ஸ் ஒருத்தியைத்தான் எடுக்கவேணும். பின்னறையும் அவவுக்குத்தான் குடுக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

அறைக்குத் திரும்பிய சீனியம்மா மூட்டை கட்டும் துணியை எடுத்து உதறி மடித்து வைத்தாள். வருத்தம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கடல் ஏறும் வேளையாயிற்று. எழுந்து பம்படிக்கப் போனாள்.

அதுவரை ருக்கியா தன் கட்டைத் தானே அவிழ்த்துவிட்டு நீரில் இறங்குவாள். திங்கட்கிழமை சீனியம்மாவே அதை அவிழ்த்தபோது அவள் கை நின்றது. தான் குத்திய ஊக்கு முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் இருந்திருக்க வேண்டும். அது கணுவருகே இருந்தது. துணி மேலிருந்து கீழாகச் சுற்றப்பட்டிருந்தது. உள்மடிப்புகள் ஈரமாயிருந்தன. அவள் அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். செவ்வாயும் அப்படியே இருந்தது. புதன்கிழமை கேட்டாள்.

"கட்டை அவுத்தீங்களாம்மா?"

"அவுக்காம? தொழவேணுமே," என்றாள் ருக்கியா, இது என்ன கேள்வி என்பதுபோல்.

"எத்தனை வாட்டிங்க?"

"அஞ்சு வக்துக்கும் அஞ்சு தரம். தொழ முன்னுக்குக் கழுவி ஒளுச் செய்யக்குள்ள கணுக்கால் மறையத் தண்ணி படணும். ஊசிமுனை அளவு காஞ்சி ஈந்தாலும் ஒளுச் சேராது. ஆனா சும்மா உடுறல்ல. திரும்ப நல்லா இறுக்கிக் கட்டிட்டுத்தான் எழும்புவன். உன்னவிட நல்லாக் கட்டுவன்."

நாளொன்றுக்கு ஐந்துமுறை, கால் தொங்க முக்காலியில் அமர்ந்து, தேங்கிய குருதியோடு, முழங்காலில் இறுக்கிக் கீழே தளர்த்தி அவள் கட்டிவந்தாள். காலை நீரில் பெற்றது நண்பகல் தொழுகைக்குள் போய்விட்டது. ருக்கியா பொய் சொல்லவில்லை. எதையும் மறைத்ததாகவும் அவள் எண்ணவில்லை. அவிழ்க்காதே என்ற விதி தொழுகைக்கும் சேர்த்து என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போதிக்கரிக்கும் தோன்றவில்லை.

சீனியம்மா திரையின் பக்கம் பார்த்தாள். ருக்கியா அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயாட்டச் சொல்லிராத. தொழுகைய உடச் சொல்லுவாரு, என்னால ஏலா. ஏலாதெண்டா எங்கூட்டவரு ஆஸ்பத்திரியில போட்டுருவாரு. அங்க ஆம்பிளை டொக்டர்மார் கத்தியத் தூக்கிட்டு நிப்பாங்க."

"சரிங்க," என்றாள் சீனியம்மா.

அதனால் தன் வேலை போகும் என்பதை அவள் சொல்லவில்லை. அடக்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை நூல் பதினாறே முக்கால். அதற்கடுத்த சனியும் அதுவே.

மூன்றாம் வாரத்துப் புதன்கிழமை மாலை, கடல் வற்றியிருந்த இடைவேளையில், அவள் பள்ளிவாசலுக்குப் பின்னொழுங்கையில் இருந்த, அங்கே தொழுகை நடத்தும் லெப்பையின் வீட்டுக்குப் போனாள். லெப்பையின் மனைவி அஸீஸா சிறுமியர்க்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். ஓதல் முடியும்வரை சீனியம்மா வாசலில் நின்றாள். பிறகு கேட்டாள்: "காலுல புண்ணுக்குக் கட்டுப் போட்டவங்க, சாமி கும்பிட எப்படிங்க கழுவுவாங்க?"

அஸீஸா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எங்கட ஆளில்லையே."

"இல்லீங்க."

"பின்ன உனக்கு என்னத்துக்கு?"

"அந்தக் காலை நான்தான் கட்டுறேங்க."

அஸீஸா உள்ளே போய்க் கேட்டாள். மறைவிலிருந்து லெப்பையின் குரல் நிறுத்தி நிறுத்தி வந்தது: கட்டை அவிழ்த்தால் நோய்க்குக் கேடு என்று வைத்தியன் சொன்னால் அவிழ்க்க வேண்டுவதில்லை. ஒளுவோடு இருக்கும்போது கட்ட வேண்டும். பின்பு ஒவ்வொரு தொழுகைக்கும் திறந்த இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் செய்துகொண்டால் போதும். "இறைவன் அடியானைக் கஷ்டப்படுத்த நாடவில்லை," என்று சொல்லி முடித்தார்.

"விளங்கிச்சா?" என்றாள் அஸீஸா.

சீனியம்மா சொல் பிசகாது திருப்பிச் சொன்னாள். ஓதும் சிறுமியர் வாயைப் பொத்திச் சிரித்தனர். அவள் வணங்கிவிட்டுப் பம்புக்குத் திரும்பினாள்.

மறுநாள் ருக்கியாவிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்தது. "எனக்கு மார்க்கம் படிச்சுத்தர நீ வந்திட்டியா? நாலு எழுத்துத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

ருக்கியா அன்று நீரில் பேசாமல் நடந்தாள். கரையேறும்போது, "திரும்பச் சொல்லு," என்றாள். சீனியம்மா திரும்பச் சொன்னாள். ருக்கியா காலை நீட்டிக் கொடுத்தாள். அடுத்தநாளும் துணி ஈரமாகவே வந்தது.

சனிக்கிழமை வந்தது. சீனியம்மா நூலைச் சுற்றி அறுத்துத் திரைக்கடியால் நீட்டினாள். அடிக்கோல் மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"பதினாறே முக்கால்," என்றார் அப்போதிக்கரி. பிறகு, "சீனியம்மா, நான் சொன்னது ஞாபகமோ?"

"ஞாபகம் இருக்குங்க."

"திங்கட்கிழமை நேர்ஸ் வாறா. நாளைக்கு அறையை ஒழிச்சுக் குடு."

"சரிங்க ஐயா."

சொல்லிவிட்டு, கட்டுத்துணியின் சுருளை எடுத்துக்கொண்டு ருக்கியாவின் காலடியில் அமர்ந்தாள். இந்தக் கால் இன்னும் கட்டப்படவில்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. சாய்பலகையிலிருந்து ருக்கியா அவளைப் பார்த்தாள். அறை என்பது என்ன, ஒழிப்பது என்பது என்ன என்று ஒவ்வொன்றாக விளங்கிக்கொள்பவள் போல் பார்த்தாள். இத்தனை வாரத்தில் திரைக்கு அப்பாலிருந்த ஆடவனோடு அவள் ஒரு சொல்லும் நேரே பேசியதில்லை.

"டொக்டர் ஐயா," என்றாள்.

அப்பால் நாற்காலி அசைந்தது.

"கட்டின புள்ளயில பிழையில்ல. கழட்டினது நான். தொழுகைக்கு அஞ்சு நேரமும் கழட்டினது நான்."

காலிக்குப் போகும் ரயில் இரைந்து கடந்தது. பிறகு அப்போதிக்கரி, "இவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நான்தான் சொல்லாதெண்டன். வாய் தொறந்தா வேலை போகாதெண்டு தெரிஞ்சும் தொறக்கல்லப் போல. மரம், மரம். இப்பிடியும் ஒரு மனிசியா."

"இனிக் கழட்டுவியளோ?"

"இல்ல. நேத்து எங்கட தெருப் பள்ளி ஆலிம்சாட்டயும் கேட்டனுப்பின. இவ சொன்னதத்தான் அவரும் சொன்னாரு."

அப்போதிக்கரி அடிக்கோலிலிருந்த நூலை எடுத்துத் திரைக்கடியால் திருப்பி நீட்டினார். "அப்ப இந்த நூலை முதல்நூலாய் வை, சீனியம்மா," என்றார். "நேர்ஸுக்கு நான் எழுதிப்போடுறன்."

"சரிங்க ஐயா." வேலை போயிற்று என்றபோது சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

அன்று முதல் ஒரு புதுமுறை ஏற்பட்டது. நீரிலிருந்து ஏறியதும் சீனியம்மா நல்லநீர்க் குடத்தை வைப்பாள். ருக்கியா ஒளுச் செய்துகொண்டு சாய்பலகையில் ஏறிப் படுப்பாள். கட்டுவதற்கு முன் அரைமணி காலை உயர்த்திக் கிடக்க வேண்டும். அதில் ஓர் இடர் இருந்தது.

"படுத்துத் தூங்கினா ஒளு முறிஞ்சிரும்," என்றாள் ருக்கியா. "குளிர்ந்த தண்ணியில நடந்து வந்தா எனக்குக் கண் சொக்குது. நானே கதைச்சா அதுவே எனக்குத் தாலாட்டு. நீ கதை."

"என்னங்க கதைக்கிறது?"

"என்னத்தையாச்சும். கட்டுற வேலையில இதுவும் சேர்த்தி எண்டு வெச்சுக்க."

வேலை என்றதால் சீனியம்மா பேசினாள். முதல்நாள் றப்பர்ப் பால் வெட்டும் முறையைச் சொன்னாள். இரண்டாம் நாள் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து அறைகள் எத்தனை, எவ்வறையில் யார் என்று சொன்னாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், சொல்ல வேறொன்றும் மிச்சமில்லாமையால், கணவனைச் சொன்னாள். காய்ச்சல் எத்தனையாம் நாள் ஏறிற்று, எத்தனையாம் நாள் பேச்சு நின்றது என்று வரிசை தவறாமற் சொன்னாள். பிறகு மகளைச் சொன்னாள். ஒன்பது நாள் என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தான கொய்னா உருண்டையைச் சீனியில் வைத்துக் கொடுத்ததாகவும், அது சீனியை மட்டும் நக்கிவிட்டு உருண்டையைப் பாயின்கீழ் ஒளித்து வைத்ததாகவும், பாயைச் சுருட்டியபோது ஏழு உருண்டை இருந்ததாகவும் சொன்னாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ருக்கியா அன்று தூங்கவில்லை.

"நேரமாச்சுங்க," என்று சொல்லிச் சீனியம்மா விரலடியில் துணியை வைத்தாள்.

நூல் பதினாறரை ஆயிற்று, பதினாறாயிற்று, ஒரு மாதத்தில் பதினைந்தேகால். புண் ரூபாயிலிருந்து ஐந்துசதமாகி, மிளகளவாகிப் புதுமுறையின் பத்தாம் வாரத்தில் மூடிக்கொண்டது. ஹாஜியார் அப்போதிக்கரிக்கு ஒரு கூடை மங்குஸ்தான் அனுப்பினார். கடைசி நாளன்று கட்டி முடிந்தபின் ருக்கியா உடனே எழவில்லை.

"உன்ட காலக் காட்டு," என்றாள்.

"எதுக்குங்க?"

"பாக்கத்தான். நீ குந்தியிருந்து நான் கண்டதே கட்டுறப்ப மட்டுந்தான்."

"ஒண்ணுமில்லீங்க," என்று சீனியம்மா சேலைக் கரையை இழுத்துவிட்டாள். வண்டிக்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான். ருக்கியா அவள் தலைமேல் ஒருகணம் கையை வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாரும் போனபின் சீனியம்மா ருக்கியாவின் நூல்களைத் தாளில் சுற்றப் பிஸ்கட் தகரத்தைத் திறந்தாள். பதினாறே முக்கால் அங்குல நூல் மேலே கிடந்தது. அதை எடுத்து, சேலையை முழங்கால்வரை ஒதுக்கி, தன் வலக் கெண்டைக்காலைச் சுற்றி வைத்தாள். நுனிகள் கூடவில்லை. இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. இறுக்கி இழுத்துப் பார்த்தாள். மெழுகு நூல் நீளவில்லை. நூல் அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து நெடுநேரம் மறையாதிருந்தது. வலிக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நூலைச் சுருட்டித் தகரத்தில் இட்டு மூடினாள். போர் வந்து கடற்கரை படையினர் வசமாகும் வரை அவள் அங்கேயே இருந்தாள். அத்தொட்டியில் ஒருநாளும் இறங்கியதில்லை. இறங்கட்டுமா என்று கேட்டதும் இல்லை. ருக்கியா விடைபெற்ற அன்று மாலை ஐந்து மணிக்குக் கடல் ஏறிற்று. அவள் எழுந்து பம்பருகே போய் நின்றாள்.